யாரைக் கேட்டு மறுபடியும் அணை?



சிக்கிம் மாநிலத்தில் தீஸ்தா ஆற்றை ஒட்டி ஜோங்கு என்றொரு மலைப்பகுதி. அங்கே இருப்பவர்கள் லெப்சா பழங்குடி மக்கள். சரிவு நிலத்தில் பெரிய ஏலக்காய், இஞ்சி, ஆரஞ்சு போட்டுப் பிழைக்கிற, நம்மைப் போன்ற சின்ன விவசாயிகள். செத்தவர் ஆவி ரங்யோங் ஆற்று வழியாகத்தான் கஞ்சன்ஜங்கா மலைக்குத் திரும்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த ஆற்றையும் சேர்த்துத்தான் நீர்மின் திட்டங்களுக்கு ஒதுக்கினார்கள்.

2007 ஜூன் 20-ல் லெப்சா இளைஞர்கள் காங்டாக்கில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். காலையில் உட்கார்ந்து சாயங்காலம் பழச்சாறு குடிக்கிற உண்ணாவிரதம் இல்லை. ஆள் மாற்றி ஆள், இரண்டு வருஷத்துக்கு மேல! 2008-ல் ஜோங்குவில் நான்கு திட்டங்களை அரசு கைவிட்டது. ஆனால் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலைத் திட்டத்தை விடவில்லை. ஏறத்தாழ 14,000 கோடி ரூபாயைக் கொட்டி 2017-ல் ஓட்டினார்கள்.

இந்தத் திட்டத்தில் தண்ணி ஆற்றில் ஓடாது. மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் போய் மின்நிலையத்தில் விழும். நடுவில் பல கிலோமீட்டருக்கு ஆறு சுண்டிப்போகும். சுரங்கத்துக்கு வெடி வைத்தால் ஊற்று வற்றும், சரிவு நகரும், வீட்டுச் சுவர் விரியும். இதற்கு 'ஓடும் ஆற்றுத் திட்டம்'னு பேரு. பேரு நல்லாத்தான் இருக்கு!

2023 அக்டோபர் 3 ராத்திரி, மேலே தெற்கு லோனாக் பனி ஏரி உடைத்துக்கொண்டது. அது உடையும் ஆபத்து இருக்கிறது என்று விஞ்ஞானிகள் முன்பே எழுதியிருந்தார்கள். சுங்தாங் அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அணையில் தேங்கிய தண்ணியும் சேர்ந்து கீழே சிங்தாம், ரங்போ ஊர்களில் பாய்ந்தது. 40 பேருக்கு மேல் செத்தார்கள். இன்னும் பலரின் உடல்கூட கிடைக்கவில்லை. அணை வேண்டாம் என்று சொன்னவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று ஏசினவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள்?

இனியாவது புத்தி வந்ததா? 2025 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு, அதே இடத்தில் அணையைத் திரும்பக் கட்டப் பரிந்துரை செய்தது. பழைய அணை 60 மீட்டர். புதுசு 118 மீட்டர்! புதிதாக மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. கருத்துக்கேட்புக் கூட்டம் எந்த லட்சணத்தில் நடக்கும்னு நமக்குத் தெரியும். அதுகூட அவர்களுக்கு இல்லை.

முழுக் கான்கிரீட், தாங்கும் என்கிறார்கள். கான்கிரீட் தாங்கட்டும். சரிவில் இருக்கிற வீடு தாங்குமா?

கரண்ட் வேண்டாமா என்று கேட்பார்கள். நம்ம பம்புசெட்டுக்கும் கரண்ட் வேணும், மறுக்கவில்லை. அதற்கு லெப்சாக்காரன் ஊத்து வத்தணுமா? திட்டம் இருக்கிற மாநிலத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 12 சதவீத மின்சாரம். மீதி வெளியே விற்பனைக்கு.

மலைக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். ஊர் ஊராக அவர்கள் மொழியில் கருத்துக் கேட்காமல் சுங்தாங்கில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்று மத்திய அமைச்சகத்துக்கு மனு தயாராகிறது. கையெழுத்துத் தாள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கும். வீட்டுப் பெண்களையும் கூட்டிவந்து போடுங்கள்.