சின்ன பேடு கேட்டு வாங்குங்கள்



திருவாரூரில் ஒரு கடையில் காரைப் பாலிஷுக்கு விட்டேன். வைக்கோல் தூசியை உலர்ந்த துணியால் துடைத்துக் கீறல் விழவைத்தது என் தப்புதான். அதற்காக ஏழு அங்குல பேடை பம்பர் விளிம்பிலுமா வைத்து ஓட்டுவது? பெயிண்டே போய்விட்டது. கேட்டால், "சின்ன பேடுன்னா நேரமாகும் சார்" என்கிறார்கள்.

ஆகட்டுமே! நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். விளிம்பில் இன்னும் மெலிசு. வட்டம் பெரிதானால் ஒரே சுற்றில் அதன் ஓரம் ஓடும் தூரமும் கூடும், தேய்ப்பும் சூடும் கூடும். சுற்றளவு பாடம் நடத்தினேனே, மறந்துவிட்டதா? பிளாஸ்டிக் பம்பரில் அந்தச் சூடு சீக்கிரம் தணியாது. கைப்பிடி, கண்ணாடி ஓரம், பம்பர் வளைவுக்கெல்லாம் மூன்று அங்குலம் போதும், அதுவும் அழுத்தாமல்.

முதலில் பேடைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.