அரம் பிடிக்காத கைகள்

'துப்பாக்கி' தமிழ்ச் சொல்லா? நம் கழகத்தின் சொற்போர் மேடையில் இக்கேள்வி எழுந்தால், உடனே ஒருவர் எழுந்து 12-ஆம் குறளைச் சுட்டுவார். அங்கு வருவது வேறு துப்பாக்கி. 'உணவை உண்டாக்கி' என்பது அதன் பொருள். சுடுகின்ற துப்பாக்கி துருக்கிய மொழியில் பிறந்து, பல மொழிகளைக் கடந்து நம்மிடம் வந்த சொல். மலாய்மொழியின் 'செனாப்பாங்' டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. சொல்லைக் கடன் வாங்குவதில் தவறில்லை. சொல்லோடு வேலையையும் கற்றுக்கொண்டோமா என்பதே என் கேள்வி. சுமத்ராவின் மினாங்கபாவ் கொல்லர்கள் கற்றுக்கொண்டனர். 'இஸ்திங்கார்' எனும் திரித்துப்பாக்கியைத் தம் உலைகளிலேயே செய்தனர்.

அமெரிக்காவில் இன்றும் சிலர் பழைய முறைக் குறிசுடும் துப்பாக்கியை வீட்டுப் பட்டறையிலேயே, கையாலேயே செய்கின்றனர். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கைவினைஞர்கள் உருவாக்கிய நீள்குழல் துப்பாக்கி அது. தொழிற்சாலைகள் பெருகியபோது அக்கலை ஏறக்குறைய அழிந்தது. 1960-களில் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் வாலஸ் கஸ்லர் என்பவர் பழைய கருவிகளை மட்டுமே கொண்டு அதனை முழுமையாகச் செய்துகாட்டினார். 1969-இல் அது ஆவணப்படமாகவும் வந்தது. முன்வாய்த் துப்பாக்கி ஆர்வலர்களுக்கென 1933-இல் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று, இண்டியானா மாநிலத்தின் பிரெண்ட்ஷிப் எனும் சிற்றூரில் குறிசுடும் போட்டிகளை நடத்தி வருகிறது.

வேலையைக் கேளுங்கள். நீண்ட இரும்புப் பட்டையைச் செந்தணலில் காய்ச்சி, ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றி வளைத்து, அடித்து ஒட்டவைத்தால் குழல் கிடைக்கும். அதன் உட்புறத்தைக் குடைந்து சீராக்க வேண்டும். பிறகு உள்ளே சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்ட வேண்டும். குண்டைச் சுழலச் செய்து நேராகப் பறக்கவிடுபவை அவைதாம். ஒரு கோலின் முனையில் சிறு வெட்டுப்பல்லைப் பொருத்தி, குழலுக்குள் மீண்டும் மீண்டும் இழுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுரண்டப்படும் இரும்பு தூசியளவே. பல் வெட்டுவதை நிறுத்தியதும் அதன் அடியில் ஒரு தாள் துண்டைச் செருகி உயர்த்துவார்கள். ஆம், வெறும் தாள்! மீண்டும் இழுப்பு. மரக்கட்டையில் குழலைப் பதிக்கும்போது, குழலின்மேல் விளக்குக்கரியைப் பூசி அழுத்திப் பார்ப்பார்கள். கட்டையில் எங்கே கரி ஒட்டுகிறதோ, அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். பிறகு மறுபடியும் கரி, மறுபடியும் உளி. மாதக்கணக்கில் இது நடக்கும்.

நம் நாட்டில் இதற்கு இடமில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது கடுங்குற்றம். காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். இச்சட்டம் சரியானது என்பதே என் கருத்து. நம் இனத்து இளைஞரின் பெயரும் துப்பாக்கியும் ஒரே செய்தியில் வரும்போது, அது பெரும்பாலும் எத்தகைய செய்தி என்பதை நாம் அறிவோம். ஆகவே யாரும் அரத்தைத் தூக்கிக்கொண்டு குழல் செய்யப் புறப்பட வேண்டாம்.

ஆனால், சட்டம் தடுப்பது துப்பாக்கியைத்தான். அரத்தையும் உளியையும் நம் கையிலிருந்து பிடுங்கியது யார்?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகளில் எத்தனையோ செய்யுள்களை மனனம் செய்தேன்; ஓர் ஆணி அடித்ததில்லை. 2016-இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் நுழைந்தபோதுதான் வாழ்வியல் திறன் பாடத்தில் கருவிகளைத் தொட்டேன். (மறு ஆண்டு நுழைந்தவர்களுக்குப் பாடத்திட்டமே மாறிவிட்டது.) அங்கே அரம் 'கிக்கிர்', உளி 'பஹாட்', இழைப்புளி 'கெத்தாம்'. ஆக, என் கை வேலை கற்ற மொழி மலாய். இப்போது பொறியியல் கற்கும் மொழி ஆங்கிலம். தமிழில் கற்றது பேச மட்டும்தானா?

இத்தனைக்கும் என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தவர். அந்தப் பட்டறை எளிய இடமன்று. ஜப்பானியர் ஆட்சியில் 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குறிவைத்துக் குண்டு வீசிய இடம் அது. அங்கு உழைத்த தமிழர் பலர். சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, தாத்தா ஒருநாள் என் கையில் அரத்தைக் கொடுத்தார். "தள்றப்பதான் தம்பி அழுத்தணும். இழுக்கறப்ப தூக்கிடு. ரெண்டு பக்கமும் தேய்ச்சா அரம் மழுங்கிப் போயிடும்" என்றார். நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் இந்த வாக்கியத்தை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அப்பாவோ, "அவன் படிக்கட்டும், விடுங்கப்பா" என்று அரத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். அப்பாவைக் குறைசொல்ல மாட்டேன். பிள்ளையின் கையில் எண்ணெய்க் கறை படியக்கூடாது என்பது தோட்டத்தையும் பட்டறையையும் கடந்துவந்த தலைமுறையின் கனவு. அக்கனவுதான் தொழிற்பயிற்சிக்குச் செல்பவனைத் 'தேர்ச்சி பெறாதவன்' என்று பேச வைக்கிறது. மருத்துவம் கிடைக்காதவனுக்குப் பொறியியல், எதுவுமே கிடைக்காதவனுக்குப் பட்டறை எனும் ஏணியை எந்தக் குறளிலிருந்து எடுத்தோம் என்று தெரியவில்லை.

கணினி இயந்திரம் ஒரு மணி நேரத்தில் செய்வதற்கு மாதக்கணக்கில் தேய்ப்பானேன் என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் தாள் துண்டு வைத்து வெட்டுப்பல்லை உயர்த்தியவனுக்கு, தாளின் தடிமன் எவ்வளவு என்பது விரல் நுனியில் தெரியும். எங்களுக்கு அது திரையில் ஓர் எண் மட்டுமே. அந்த எண் பிழையாக இருந்தாலும் நாங்கள் அறியமாட்டோம்.

நம் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றம், கவியரங்கம், மரபுக்கவிதைப் பயிலரங்கு ஆகியவற்றை நடத்துகிறது. அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமையைப் பட்டறைக்கு ஒதுக்கலாமே. துப்பாக்கி வேண்டாம், ஒரு கதவுத் தாழ்ப்பாளோ கத்திப்பிடியோ போதும். இரும்பிலும் மரத்திலும் கையால் செய்வோம். கருவிகளைத் தமிழில் பெயர்சொல்லிக் கேட்டு வாங்குவோம். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஓய்வுபெற்ற பிட்டர்கள், தச்சர்கள் இருக்கின்றனர். முன்னாள் மாணவர்களே, அவர்களில் சிலர் உங்கள் தந்தையராகவோ மாமன்களாகவோ இருப்பார்கள், அழைத்து வாருங்கள். வைஸ் ஒன்றை நான் கொண்டு வருகிறேன். தாத்தாவின் அரங்கள் பன்னிரண்டு இருக்கின்றன; ஒன்பது இன்னும் மழுங்கவில்லை.