உயிர்நூல் ஆராய்ச்சியும் ஊர்ப் பிழைப்பும்

தடுப்பூசி, மருந்து, விதை, கால்நடை ஆகியவைகளைப் பற்றிய உயிர்நூல் ஆராய்ச்சியில் ஒரு பிரதேசம் பொதுப் பணத்தைப் போடலாமா, அதனால் அவ்வூர் மக்களுக்குப் பிழைப்பு உண்டாகுமா என்பது கேள்வி. "குடிதண்ணீருக்கே பணமில்லாத நாட்டில் ஆராய்ச்சிக்கூடம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் குன்னூரிலும் செங்கற்பட்டிலுமே இருக்கிறது.

குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அதற்குமுன் வெறிநாய் கடித்தால், வசதியுள்ளவன் வடகோடியிலுள்ள கசௌலிக்கு ரயிலேறினான். ஏழை மந்திரிக்கிறவனிடம் போய் உயிரை விட்டான். ஆகவே ஆராய்ச்சிக்கூடம் ஏழைக்கு வேண்டாத ஆடம்பரம் என்பது பொய்.

அப்படிப்பட்ட நிலையத்தின் கதி என்ன ஆயிற்று? உற்பத்தி முறை காலத்திற்கேற்பச் சீர்படவில்லை என்று 2008-ல் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று பொது நிலையங்களின் தடுப்பூசி அனுமதியையும் இந்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. 2010-ல்தான் அத்தடை எடுக்கப்பட்டது. குறையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால், உரிய காலத்தில் பணம் கொடுத்துச் சீர்ப்படுத்தாமலிருந்துவிட்டுப் பிறகு குற்றம் சொல்லுவது, மாட்டுக்குத் தீனி போடாமல் பால் இல்லையென்று அடிப்பதற்குச் சமானமேயாகும்.

செங்கற்பட்டிலோ 2012-ல் 594 கோடி ரூபாய்த் திட்டமாக, 100 ஏக்கரில் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுமதியாயிற்று. கட்டடமும் எழும்பிற்று. 2021-ல் கொரோனாவால் ஜனங்கள் மூச்சுத்திணறிச் செத்த சமயத்தில் அது ஒரு ஊசி மருந்தும் தராமல் சும்மா கிடந்தது. கோவிலைக் கட்டிப் பூட்டிவைத்தாலும் புண்ணியம் வரும் என்று நம்புகிற புத்திதான் இங்கும் வேலை செய்திருக்கிறது. விஞ்ஞானத்தில் அந்தப் புண்ணியம் செல்லாது.

ஐதராபாத்தைப் பாருங்கள். அங்கே சர்வகலாசாலையும் ஆராய்ச்சி நிலையங்களும் முன்பே இருந்தன. 1993-ல் ஆரம்பித்த சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை வெளியிட்டது. வெளிநாட்டுச் சரக்கின் விலை இறங்கிற்று. 1999-ல் அப்போதைய ஆந்திர சர்க்கார் ஜீனோம் வேலி என்று ஒரு தொழில் வட்டாரத்தையே அமைத்தது. 2021-ல் கோவாக்சின் அங்கிருந்துதான் வந்தது. படிப்பு, ஆராய்ச்சி, தொழில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே இதன் ரகசியம். வேறு அதிர்ஷ்டம் ஒன்றுமில்லை.

ஆகையால், பணம் போடத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் மூன்று நிபந்தனைகள். கட்டடத்திற்குக் கொடுப்பதுபோல் வருஷா வருஷம் நடத்தவும் கொடுக்க வேண்டும். பொதுப் பணத்தில் விளைந்த மருந்து ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். சுற்றுக் கிராமப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானச் சோதனைச் சாலைகள் ஏற்பட வேண்டும். இல்லையேல் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது வாசற்காவலும் கூட்டிப் பெருக்கும் வேலையுமே.

தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "அடிக்கல் எங்கே?" என்று கேட்காதீர்கள். "மருந்து எங்கே? எங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள்.