சாவி கைக்கு வந்த பிறகு



மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். விலை படிந்து கயிறு கை மாறிவிட்டால் விற்றவர் ஒரு பக்கமும் வாங்கியவர் ஒரு பக்கமுமாகப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு தீனியும் வைத்தியமும் வாங்கியவரின் பொறுப்பு.

கார் வாங்குவது அப்படிப்பட்ட வியாபாரமன்று. அதற்குப் பல்லும் இல்லை, சுழியும் இல்லை. உள்ளே இருப்பது என்னவென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவேதான், சாவி கைக்கு வந்த நாளில் விற்றவருக்கும் நமக்கும் உள்ள உறவு முடிவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலோர் விலையைக் குறைத்துப் பேசுவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதற்குப் பின்வரும் ஆண்டுகளுக்குக் காட்டுவதில்லை.

கார் இன்று ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. மணப்பாறையிலிருந்து திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி அங்கே. விமான நிலையம் அங்கே. பிள்ளைகளின் கல்லூரி அங்கே. நள்ளிரவில் வாப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறதென்றால் வாசலில் நிற்கும் வண்டி கிளம்பியாக வேண்டும். வளைகுடாவில் பல ஆண்டு உழைத்த பணத்தில் வாங்கிய வண்டி அந்த ஒரு நேரத்தில் கிளம்பவில்லையென்றால், அதன் விலை எத்தனை லட்சமாக இருந்து என்ன பயன்?

அப்படி ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கேட்டேன். வாங்கி எட்டு மாதமே ஆன வண்டி வழியில் நின்று நின்று போகிறது. கணவர் வெளிநாட்டில். மனைவி ஓட்டுநரை வைத்துக்கொண்டு நான்கு முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் "சரி செய்துவிட்டோம் அம்மா" என்ற பதில். நான்காவது முறை, "வண்டி உங்கள் பெயரில் இல்லையே, சாரை வரச் சொல்லுங்கள்" என்றார்களாம். அந்த அம்மையாரிடம் நான்கு முறைக்கும் சேர்த்து ஒரே ஒரு துண்டுச் சீட்டுத்தான் இருந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. அதைக் காட்டக் காகிதம் இல்லை. இந்த மாதம் இதைப் பற்றி எழுத அதுவே காரணம்.

யார் யாருக்குப் பொறுப்பு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஷோரூம் வாசலில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். எனினும் அந்த ஷோரூம் கம்பெனியுடையதன்று. டீலர் என்னும் தனி வியாபாரியுடையது. கம்பெனியிடமிருந்து அவர் வண்டியை வாங்குகிறார், நமக்கு விற்கிறார். இந்த வேறுபாடு சாதாரண நாளில் நமக்குத் தெரியாது. சச்சரவு வரும்போது தெரியும்.

கோவாவில் ஒருவர் 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று எண்ணிப் பணம் கட்டினார். வந்த வண்டியோ 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதுவும் ஏற்கெனவே சில நூறு கிலோமீட்டர் ஓடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, டீலர் செய்த அந்தத் தவற்றுக்குத் தயாரித்த டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றது. கம்பெனிக்கு அதில் பங்கோ அறிவோ இருந்ததென்று காட்டப்படவில்லை என்பதே காரணம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டியை எடுக்கும் முன் படிவம் 21 என்னும் விற்பனைச் சான்றைப் படியுங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். சேஸிஸ் எண்ணை வண்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓடிய கிலோமீட்டரைப் பாருங்கள். மாலை போட்டுப் படம் எடுப்பது பிறகு ஆகட்டும். இரண்டாவது, குறை எதுவாயினும் டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே எழுதுங்கள். தயாரிப்பில் உள்ள குறைக்குக் கம்பெனியும், விற்பனையிலும் பழுதுபார்ப்பிலும் நேரும் குறைக்கு டீலரும் பதில் சொல்ல வேண்டியவர்கள். எது யாருடைய குறை என்று பிரித்துச் சொல்லும் வேலையை நாம் ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

வாரண்டி என்பது என்ன?

இலவச சர்வீஸையும் வாரண்டியையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டுமே இலவசம். ஆயில், ஃபில்டர் முதலியவற்றுக்கு நாம் பணம் தர வேண்டும். வாரண்டி என்பது, குறித்த காலத்துக்குள் அல்லது குறித்த கிலோமீட்டருக்குள், எது முந்துகிறதோ அதற்குள், தயாரிப்புக் குறையால் பழுதாகும் பாகத்தை அவர்கள் செலவில் மாற்றித் தருவது. பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் ரப்பர் போன்ற தேயும் பொருள்கள் பெரும்பாலும் இதில் சேரா. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகளின் தனி வாரண்டி இருக்கும். வண்டியோடு தரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இவையெல்லாம் உள்ளன. ஒரு மாலைப் பொழுது போதும். பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடும்" என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இதைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கூறியது. அதன்மீது மேல்முறையீடுகள் நடந்தன. என்றாலும், பொதுவான நிபந்தனை ஒன்றைக் காட்டி வாடிக்கையாளரைக் கட்டிப் போடுவது நியாயமன்று என்ற கருத்து அப்போதே பதிவாகிவிட்டது.

நடைமுறைக்கு என் யோசனை இது: வாரண்டி முடியும் வரை குறித்த காலச் சர்வீஸைத் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ உள்ள கம்பெனி நிலையத்தில் செய்து, கையேட்டில் பதிவு போட்டு வாங்குங்கள். பங்க்சர், பல்ப், அவசரக் கோளாறு ஆகியவற்றுக்கு நம்மூர் மெக்கானிக் போதும். அவரிடமும் ரசீது வாங்குங்கள். மின்கம்பிகளை வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் வெளியில் செய்யாதீர்கள். மின்கோளாறு வந்தால் அதையே காரணம் காட்டி மறுக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும்.

எழுத்தில் வாங்குங்கள்

சர்வீஸ் நிலையத்தில் வண்டியை ஒப்படைக்கும்போது ஜாப் கார்டு என்று ஒரு தாள் எழுதுவார்கள். உங்கள் உரிமை முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. "பொதுச் சர்வீஸ்" என்று அவர்களாக எழுதிவிடுவதை ஏற்காதீர்கள். "காலையில் முதல் முறை கிளப்பும்போது மூன்று தடவை திருப்ப வேண்டியிருக்கிறது", "60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இடப்புறம் இழுக்கிறது" என்று நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள். எத்தனையாவது முறை வருகிறீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உத்தேசச் செலவைக் குறிக்கச் செய்து, அதற்கு மேல் போனால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்து மாற்றிய பாகமாயின் பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது அவர்களுடைய ஆளை அருகில் வைத்துக்கொண்டு சிறிது தூரம் ஓட்டிப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.

"இவ்வளவு எழுத்து எதற்கு, நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதுவது அவநம்பிக்கையாகாது. இருவருடைய நம்பிக்கைக்கும் அதுவே பாதுகாப்பு. ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பாடத்திலும் 'கியாருல் அய்ப்' என்று ஒரு பகுதி உண்டு. விற்ற பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அதன் சாரம். நாம் கேட்பது சலுகையன்று என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமோ?

எந்தக் கதவைத் தட்டுவது?

சர்வீஸ் ஆலோசகர் கேட்கவில்லையென்றால் அந்நிலையத்தின் மேலாளர். அவரும் கேட்கவில்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்திவிடாமல் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அதே விவரத்தை மின்னஞ்சலாகவோ ஸ்பீட் போஸ்டாகவோ அனுப்புங்கள். வண்டி எண், வாங்கிய தேதி, பழுதுபார்க்கப் போன தேதிகள், உங்கள் கோரிக்கை, பதில் தர வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பல சிக்கல்கள் இக்கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

கடைசிக் கதவு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மணப்பாறைக்காரர்களுக்கு அது திருச்சியில். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியது எந்த ஊராயினும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அது இடம் தருகிறது. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 10 லட்சம் வரை 200 ரூபாய்; 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளுவதுண்டு, அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சகோதரிகள் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டுகிறேன். பொருளை வாங்கியவர் மட்டுமல்லர், அவருடைய சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் 'நுகர்வோர்' என்றே சட்டம் சொல்கிறது. கணவர் ரியாதில் இருந்தாலும், அவர் பெயரிலுள்ள வண்டியைப் பயன்படுத்தும் மனைவி புகார் செய்யலாம். "சாரை வரச் சொல்லுங்கள்" என்ற பதிலுக்கு இனி இடமில்லை. அதுபோலவே, பிழைப்புக்காகத் தாமே ஓட்ட ஒரே ஒரு டாக்சி வாங்கியவரும் நுகர்வோரே. வியாபாரம் என்று கூறி அவரைத் தள்ளிவிட முடியாது.

பெரிய நிறுவனத்தோடு மோத முடியுமா என்று தயங்காதீர்கள். விபத்தில் காற்றுப் பை விரியாத ஒரு ஹூண்டாய் கார் வழக்கில், மோதிய விசை போதாது என்று நிறுவனம் வாதிட்டது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவராக நுகர்வோரை எதிர்பார்க்க முடியாது என்று கூறி, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. தயாரிப்பில் குறை கண்டால் நிறுவனங்களே வண்டிகளைத் திரும்ப அழைப்பதுண்டு. 2021 செப்டம்பரில் மாருதி நிறுவனம் சியாஸ், எர்டிகா முதலிய ரகங்களில் 1,81,754 வண்டிகளை அவ்வாறு அழைத்தது. அப்பணிக்குக் கட்டணம் இல்லை. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அழைப்புக் கடிதம் வந்து சேராமலே போகலாம். ஆகவே சேஸிஸ் எண்ணைச் சொல்லி, "இதற்கு அழைப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா?" என்று சர்வீஸ் நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கேளுங்கள்.

நம் பங்கு

உரிமையைப் பேசிவிட்டுக் கடமையை விட்டுவிடலாகாது. கவுண்டரில் சீருடையோடு நிற்கும் இளைஞர் யாரோ ஒரு தாயின் பிள்ளை. வண்டியைச் செய்தவர் அவரல்லர். அவரைச் சத்தம் போட்டு அவமானப்படுத்துவதால் குறை தீராது. இடித்ததை மறைத்து வாரண்டியில் கேட்பதும், பழைய விபத்தைச் சொல்லாமல் வண்டியை விற்பதும் நாம் எதிர்த்துப் பேசுகிற அதே ஏமாற்றுத்தான்.

இன்றே ஒரு கோப்பு வாங்குங்கள். விற்பனைச் சான்று, ஆர்.சி., இன்சூரன்ஸ், ஜாப் கார்டுகள், பில்கள், நீங்கள் எழுதிய கடிதங்களின் நகல்கள் ஆகிய அனைத்தையும் தேதிவாரியாக அதில் அடுக்குங்கள். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டுமன்றி வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.