முழங்காலுக்கு இடமுண்டு, ஓட்டுக்கு இடமில்லை!

"கோயிலுக்குள் விட்டு விட்டோமே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கின்றவர்கள் எல்லா தேசத்திலும் இருக்கின்றார்கள், எல்லா மதத்திலும் இருக்கின்றார்கள். உள்ளே விடுவது ஒரு காரியம். உள்ளே வந்தவனைச் சரிசமானமாய் நடத்துவது வேறொரு காரியம். முன்னதைக் கொடுத்துப் பின்னதைக் கொடாமல் இருப்பது எப்படி என்பதற்கு அமெரிக்கா தேசத்து ஒரு கிறிஸ்தவக் கோயிலின் சரித்திரத்தை நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

அந்தக் கோயில் பிலடெல்பியா பட்டணத்தில் இருக்கின்றது. அதன் பெயர் பரிசுத்த தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் கோயில். எபிஸ்கோப்பல் சபை என்பது வேறொன்றுமில்லை. இங்கிலாந்து தேசத்துச் சபையைச் சேர்ந்த அமெரிக்கர்கள், தங்கள் தேசம் சுதந்திரமடைந்த பிறகு, பிஷப்புகளை வைத்துக் கொண்டு, ஆனால் இங்கிலாந்து அரசருக்குக் கட்டுப்படாமல், 1789-ல் தனியாக ஒழுங்கு செய்து கொண்ட சபையாகும். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு குருவும், பணத்தையும் கட்டடத்தையும் பார்த்துக் கொள்ள ஒரு நிர்வாகக் கமிட்டியும் உண்டு. பல கோயில்கள் சேர்ந்த மண்டலத்திற்கு ஒரு பிஷப்பும், வருஷந்தோறும் கூடும் ஒரு மகாசபையும் உண்டு. சட்டம் செய்வதும் ஓட்டுப் போடுவதும் அந்த மகாசபையில்தான். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனெனில் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது.

அப்சலோம் ஜோன்ஸ் என்பவர் 1746-ல் டெலவேர் நாட்டில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானன் வீட்டுக்கு வந்து போகின்றவர்கள் கொடுத்த காசுகளைச் சேர்த்து வைத்து எழுத்துப் புத்தகம் வாங்கிப் படித்தவர். அவருக்குப் பதினாறு வயதானபோது எஜமானன் அவர் தாயாரையும் கூடப்பிறந்தவர்களையும் விற்று விட்டு, அவரை மட்டும் பிலடெல்பியாவுக்குக் கூட்டிக் கொண்டு போய்த் தன் கடையில் வேலைக்கு வைத்தான். பகலெல்லாம் கடையில் உழைத்தார். இரவில் பள்ளிக்கூடம் போனார். 1770-ல் கலியாணமாயிற்று. பெண்சாதியும் அடிமையே. அவர் முதலில் பணஞ்சேர்த்து விடுதலை வாங்கியது தமக்கல்ல, பெண்சாதிக்கே. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அந்தத் தேசத்துச் சட்டம். ஆகவே பிறக்கப் போகும் பிள்ளைகளை முதலில் விடுவித்தார். அவருக்கு விடுதலை கிடைத்தது 1784-ல்தான்.

இப்படிப்பட்ட மனிதரும், அவருடைய சிநேகிதர் ரிச்சர்டு ஆலன் என்பவரும், அந்தப் பட்டணத்தில் பரிசுத்த ஜார்ஜ் கோயில் என்னும் மெதடிஸ்டுக் கோயிலுக்குப் போய்க் கொண்டிருந்தார்கள். ஆலன் நன்றாய்ப் பிரசங்கம் செய்வார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கறுப்பு மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்தார்கள். கூட்டம் பெருகினவுடன் கோயிலைப் பெரிதாக்கி மாடி கட்டினார்கள். அதற்குக் கறுப்பர்களும் பணங்கொடுத்தார்கள், வேலையும் செய்தார்கள். மாடி முடிந்த பிறகு, "நீங்கள் மேலே போய் உட்காருங்கள்" என்றார்கள். அப்படியே போனார்கள். போன இடத்திலும் குறிப்பிட்ட ஆசனம் தவறிப் போயிற்றாம். ஜெபம் நடந்து கொண்டிருக்கும் போதே ஒரு தர்மகர்த்தர் வந்து, முழங்காலில் நின்று கொண்டிருந்த ஜோன்ஸைப் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுக் கொண்டும் விடவில்லை. ஜெபம் முடிந்தது, கறுப்பர்கள் எல்லோரும் ஒன்றாய் எழுந்து வெளியே போய் விட்டார்கள். இது நடந்தது 1787-ல் என்று ஆலன் எழுதி வைத்தார். 1792-ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டுமென்று பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். வருஷம் எதுவானாலும் காரியம் ஒன்றே. தங்கள் காசில் கட்டின மாடியிலிருந்து தாங்களே இழுத்துத் தள்ளப்பட்டார்கள்!

கடவுள் சந்நிதியில் எல்லோரும் சமம் என்று பிரசங்கம் செய்த கோயிலில்தான் இது நடந்தது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கடவுள் பார்த்துக் கொண்டிருந்தாரா, பார்க்கவில்லையா என்கிற விசாரணைக்கு இப்போது நாம் போகவில்லை. தர்மகர்த்தர் பார்த்துக் கொண்டிருந்தார் என்பது மாத்திரம் நிச்சயம்.

நிற்க, அந்த மக்கள் கடவுளை நம்பி மாத்திரம் இருந்து விடவில்லை. 1787-லேயே சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் என்று ஒன்று ஏற்படுத்திக் கொண்டார்கள். ஒவ்வொருவரும் மாதம் 1 ஷில்லிங் போட வேண்டும். ஒரு வருஷம் போட்ட பிறகு, ஒருவன் கஷ்டத்தில் விழுந்தால், அது அவனுடைய சொந்தத் துர்நடத்தையால் வந்ததல்லவானால், வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் கொடுக்க வேண்டும். விதவைகளைக் காப்பாற்ற வேண்டும்; தகப்பனில்லாப் பிள்ளைகளுக்குப் படிப்போ தொழிலோ சொல்லி வைக்க வேண்டும். அஸ்திவாரக் கல்லுக்கு முன்னே கணக்குப் புத்தகம் வந்தது. பூசைக்கு முன்னே பரஸ்பர உதவி வந்தது. அந்தக் கோயில் நிலைத்து நின்றதற்குக் காரணம் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

1793-ல் அந்தப் பட்டணத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 50,000 ஜனங்கள் இருந்த ஊரில் ஏறக்குறைய 5,000 பேர் மாண்டார்கள். பணக்காரர்களும் அதிகாரிகளும் ஓடிப் போனார்கள். கறுப்பர்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று பெஞ்சமின் ரஷ் என்ற பெரிய வைத்தியர் நினைத்தார். நோயாளிகளைப் பார்த்துக் கொள்ள வர வேண்டுமென்று கேட்டுக் கொண்டார். ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைச் சேர்த்து வீடு வீடாய்ப் போய்ச் சிசுருஷை செய்தார்கள். பெற்ற பிள்ளையும் தொட மறுத்த பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். வைத்தியர் நினைத்தது தப்பு. கறுப்பர்களும் மற்றவர்களைப் போலவே செத்தார்கள். அது பாவத்தால் வந்ததென்று சிலரும், அழுகல் நாற்றத்தால் வந்ததென்று சிலரும் சொன்னார்கள். கொசுவினால் பரவுவது என்பது 1900-ல்தான் ருசுவாயிற்று. காய்ச்சலை நிறுத்தியது பிரார்த்தனையல்ல. கொசுவைக் கொன்ற பனிக்காலம்.

காய்ச்சல் தணிந்தவுடன் அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? மாத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பர்களில் சிலர் சமயம் பார்த்து அதிகக் கூலி பறித்தார்களென்றும் திருடினார்களென்றும் புத்தகம் போட்டார். ஜோன்ஸும் ஆலனும் அழுது கொண்டிருக்கவில்லை. 1794-ல் தாங்களும் ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் வரவு செலவு போட்டுக் காட்டினார்கள். வரவு சுமார் 233 பவுன். செலவு 411 பவுன். ஆகக் கைநஷ்டம் 177 பவுனுக்கு மேல். பழி சொன்னவனுக்குக் கணக்கைக் காட்டுவதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்கின்றது?

அந்த வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி அவர்களுடைய சொந்தக் கோயில் திறக்கப்பட்டது. எந்தச் சபையோடு சேருவது என்று யோசித்தபோது பெரும்பாலோர் எபிஸ்கோப்பல் சபையை விரும்பினார்கள். ஆலன் மெதடிஸ்டாகவே இருப்பேன் என்று பிரிந்து, அதே மாதத்தில் பெத்தேல் என்னும் வேறொரு கோயிலைத் திறந்தார். தோமா கோயிலார் பிஷப்பு வில்லியம் ஒயிட் என்பவரிடம் நிபந்தனைகள் போட்டார்கள். தங்களை ஒரு சபையாகவே ஏற்றுக் கொள்ள வேண்டும். உள்விவகாரம் தங்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஜோன்ஸ் தகுதியுடையவரானால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும். இவை ஒப்புக் கொள்ளப்பட்டன. அவர்கள் எழுதி வைத்த சட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. ஆப்பிரிக்க வம்சத்தார் தவிர வேறொருவரும் அங்கே தேர்ந்தெடுக்கவும் கூடாது, உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவும் கூடாது. குரு மாத்திரம் யாராயிருந்தாலும் இருக்கலாம். ஆனால் குருவுக்கு ஓட்டுக் கிடையாது! பூசாரியைப் பூசை அறையோடு நிறுத்தி வைக்க அந்த ஏழை மக்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், உள்ளே ஓட்டை வைத்துக் கொண்டவர்களுக்கு வெளியே ஓட்டுக் கிடைத்ததா? இல்லை. குருவாகிறவனுக்குக் கிரேக்கும் லத்தீனும் தெரிய வேண்டுமென்று விதி இருந்தது. அடிமையாயிருந்தவனுக்குக் கிரேக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 1795-ல் மகாசபை ஜோன்ஸுக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதே கையால், அந்தக் கோயிலார் மகாசபைக்குக் குருவையோ பிரதிநிதிகளையோ அனுப்பக் கூடாது என்றும் எழுதிற்று. அதாவது, கிரேக்கு தெரியாததை மன்னித்தார்கள், கறுப்பாயிருப்பதை மன்னிக்கவில்லை. ஜோன்ஸ் அந்த வருஷமே டீக்கன் ஆனார். சில வருஷம் கழித்து, அந்தச் சபையின் முதல் கறுப்புக் குருவும் ஆனார். ஆனாலும் அவருடைய கோயிலுக்கு மகாசபைக் கதவு திறந்தது 1860-களில், அந்தத் தேசத்து உள்நாட்டு யுத்த காலத்தில்தான். சுமார் எழுபது வருஷம்! ஜோன்ஸோ 1818-லேயே இறந்து போனார்.

இதற்காக நாம் ஜோன்ஸைக் குற்றஞ்சொல்ல வரவில்லை. பிரிந்து போன ஆலனுக்கும் சுகமில்லை. அவர் கோயிலின் மேல் வெள்ளை மெதடிஸ்டுகள் பாத்தியதை கொண்டாடி வந்தார்கள். கோர்ட்டு வரையில் போய், 1816-ல்தான் விடுபட்டுத் தனிச் சபை கண்டார். ஒருவர் உள்ளே இருந்து ஓட்டை இழந்தார். மற்றவர் வெளியே வர இருபது வருஷம் போராடினார். இரண்டு வழியிலும் முள்ளைப் போட்டு வைத்தவர்களையல்லவா குற்றஞ்சொல்ல வேண்டும்?

தவிரவும், ஓட்டில்லை என்று அந்தச் சபையார் சும்மா இருக்கவுமில்லை. திறந்து ஒரு வருஷத்துக்குள் சபையார் தொகை நானூறைத் தாண்டியது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். பெண்கள் தங்களுக்குத் தனியே உதவிச் சங்கம் வைத்துக் கொண்டார்கள். கப்பல் பாய் தைக்கும் பெருந்தொழில் நடத்திய ஜேம்ஸ் போர்ட்டன் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. 1799-ல் ஜோன்ஸும் போர்ட்டனும் மற்றும் சுமார் எழுபது பேரும் கையெழுத்திட்டு, அடிமை வியாபாரத்தை ஒடுக்க வேண்டுமென்றும், அடிமைகளைப் படிப்படியாய் விடுவிக்க வேண்டுமென்றும் காங்கிரசு சபைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அங்கே அதைத் தள்ளி விட 85 ஓட்டு. அவர்கள் பக்கம் ஒரே ஓட்டு. அந்த ஒரு ஓட்டுக்காரருக்கு நன்றி சொல்லிப் போர்ட்டன் கடிதம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டு வருவது 1808 ஜனவரி 1-ந் தேதி சட்டப்படி நின்றபோது, அன்றே அந்தக் கோயிலில் ஜோன்ஸ் பிரசங்கம் செய்தார். அதை அச்சிட்டும் வழங்கினார்கள்.

"இது அமெரிக்கா விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அதே இங்கிலாந்துச் சபையின் கிளைதான் நமது நாட்டிலும் வேரூன்றியது. 1833-ல் கல்கத்தா பிஷப்பு டானியல் வில்சன், கோயிலுக்குள் ஜாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டுமென்று உத்தரவு எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அனேகர் ஜாதியை விடவில்லை, கோயிலை விட்டார்கள்! பிலடெல்பியாவில் அவமானப்பட்டவர்கள் எழுந்து வெளியே போனார்கள். இங்கேயோ அவமானப்படுத்தும் பாத்தியதை போய் விடுமே என்று எழுந்து போனார்கள். வேதம் ஒன்றுதான், ஜெபமும் ஒன்றுதான். ஆகவே, வேதமே சமத்துவம் கொடுத்து விடும் என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

இப்போது கடைசி வேடிக்கையைக் கேளுங்கள். இன்று எபிஸ்கோப்பல் சபையார் பிப்ரவரி 13-ந் தேதியை, ஜோன்ஸ் இறந்த நாளை, அவருக்குத் திருநாளாய் வைத்துக் கொண்டாடுகின்றார்கள். 2015-ல் மைக்கேல் கரி என்ற கறுப்பு பிஷப்பையே சபை முழுமைக்கும் தலைவராய்த் தேர்ந்தெடுத்தார்கள். இது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் உயிரோடிருந்த மனிதனுடைய சபைக்கு ஓட்டுக் கொடுக்க மனமில்லாமல், செத்த பிறகு அவனுக்குத் திருநாள் கொடுப்பது நமக்குப் புதிதா? நந்தனை உயிரோடு வாசலில் நிறுத்தி, நெருப்பில் இறக்கி, பிறகு நாயனாராக்கிக் கும்பிடுகின்ற நாட்டிலல்லவா நாம் இருக்கின்றோம்! செத்தவனைக் கும்பிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. உயிரோடிருப்பவனோடு சமமாய் உட்காருவதில்தான் நஷ்டமிருக்கின்றது.

ஆகவே தோழர்களே! கோயிலானாலும், சங்கமானாலும், பள்ளிக்கூடமானாலும், எங்கேயாவது ஒருவன் உங்களை "உள்ளே வா" என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சாவி யாரிடத்தில்? கணக்குப் புத்தகம் யாரிடத்தில்? ஓட்டு யாருக்கு? இம்மூன்றுக்கும் சரியான பதில் வராத இடத்தில், உங்கள் முழங்காலுக்கு எவ்வளவு இடங்கொடுத்தாலும் அது உங்கள் இடமல்ல. அந்தப் பதிலைப் பெறுவதற்கு நமக்கும் எழுபது வருஷம் வேண்டுமா என்று கேட்டு, இதை முடித்துக் கொள்ளுகின்றோம்.