கோடை விடுமுறைக்கு எந்தத் தீவு? சிறு பிள்ளைகளோடு கடல் தேடும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

வின்டர்தூர் நகரில் தை, மாசி மாதங்களில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, எமது வீடுகளில் அந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். "இந்தமுறை கோடை லீவுக்கு எங்கை போறது?" சூரிச் மாநிலப் பாடசாலைகளுக்குக் கோடையில் ஐந்து வாரங்கள் விடுமுறை. வேலைத்தலத்தில் தாயும் தந்தையும் ஒரே நேரத்தில் விடுப்புப் பெறுவதே பெரும்பாடு. அப்படிப் பெற்ற இரண்டு அல்லது மூன்று வாரங்களை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு, விளம்பரத் தாளில் உள்ள நீலக் கடற் படமும் அதன் கீழுள்ள விலையுமே பெரும்பாலான வீடுகளில் விடையைத் தீர்மானிக்கின்றன.

இம்முறை தவறானது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. சிறு பிள்ளைகளோடு கடலுக்குச் செல்லும் குடும்பம் மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கில் கேட்க வேண்டும். முதலாவது, நாம் போகும் மாதத்தில் அந்தக் கடல் அமைதியாக இருக்குமா? இரண்டாவது, எங்கள் பிள்ளையின் வயதுக்கு அந்தப் பயணத் தூரம் ஏற்றதா? மூன்றாவது, திரும்பி வரும்போது பிள்ளை எதை மனதில் கொண்டுவரும்? விலை நான்காவது கேள்வியாகவே இருக்கட்டும்.

இதை அனுபவத்தால் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது நான்கு வயது மகளை மத்தியதரைக் கடல் தீவொன்றுக்குக் கூட்டிச் சென்றோம். படத்தைப் பார்த்தே இடத்தைத் தெரிவுசெய்தேன். அந்தக் கரை வடக்கு நோக்கியது என்பதையும், ஆடி ஆவணியில் அங்கே வடகாற்று ஓயாது வீசும் என்பதையும் நான் விசாரிக்கவில்லை. இரண்டாம் நாள் முழங்காலளவு நீரில் நின்றவளை ஓர் அலை புரட்டிப் போட்டது. எனது கை எட்டும் தூரத்தில் இருந்ததால் தூக்கிவிட்டேன். உயிருக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆயினும், அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் அவள் கடலுக்குள் கால் வைக்கவில்லை. பிழை கடலினுடையதன்று, என்னுடையதே.

ஆகவே முதலில் காற்றைப் பற்றிப் பேசுவோம். எமது முன்னோர் காற்றுக்குப் பெயர் வைத்துக் கடலை அறிந்தவர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நான்கு பெயர்களும் யாழ்ப்பாணத்து மீனவர் வீட்டுச் சிறுவனுக்குக்கூடத் தெரிந்திருந்தன. நாமோ விமானச் சீட்டு வாங்கும்போது அந்த அறிவை மறந்துவிடுகிறோம். கிரேக்கத் தீவாகிய கிரேத்தாவின் வடகரையில் கோடையில் 'மெல்தெமி' எனும் வடகாற்றுப் பலமாக வீசுவதுண்டு. ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் அல்கூதியா வளைகுடா மணற்பாங்கானது, மெல்ல மெல்லவே ஆழமாவது. ஆகையால் நடைபழகும் குழந்தைக்கும் அது பொருந்தும். சூரிச்சிலிருந்து இரண்டு மணிநேரமளவில் அங்கே பறந்துவிடலாம். வின்டர்தூரிலிருந்து விமான நிலையத்துக்குப் புகையிரதத்தில் கால் மணிநேரமே. இத்தாலியின் சார்தீனியாத் தீவுக்கு ஜெனோவாத் துறைமுகம் வரை வாகனத்தில் சென்று, அங்கிருந்து இரவுக் கப்பலில் போகலாம். வாகனத்தில் குழந்தையின் இருக்கையும் வண்டிலும் சமையற் பாத்திரமும் கூடவே வரும் என்பது இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சிறிய வசதியன்று. ஒக்ரோபர் மாத இலையுதிர்கால விடுமுறைக்குக் கனாரித் தீவுகள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அது அத்லாந்திக் பெருங்கடல். அலை மறிக்கப்பட்ட விரிகுடாக்களை மட்டுமே அங்கே தேடுதல் வேண்டும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு எனது ஆலோசனை, கிட்டிய தீவே போதும் என்பதாகும். அந்த வயதில் பிள்ளைக்குக் கடல் என்பது ஒரு வாளியும் ஈரமணலும் அருகில் இருக்கும் அம்மாவும்தான். அதற்காகப் பத்து மணிநேரத்துக்கு மேல் பறக்க வேண்டியதில்லை.

ஆனால் பிள்ளைக்கு ஆறு ஏழு வயதாகி, கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. எங்கள் பிள்ளைகளில் பலர் மயோர்க்காவின் கரைகளைப் பெயர் சொல்லி அறிவார்கள், கசூரினாக் கடற்கரையை அறியார்கள். அம்மா பிறந்த ஊரும் ஒரு தீவில்தான், அந்தத் தீவுக்கும் கடற்கரை உண்டு என்பது அவர்களுக்குப் புதினமாக இருக்கிறது. நெய்தல் என்று ஒரு நிலத்தையே வகுத்து வைத்த மொழியைப் பேசும் பிள்ளைக்குச் சிப்பி, சங்கு, வள்ளம், கட்டுமரம் என்ற சொற்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் புத்தகப் படங்களாக மட்டும் இருப்பது எமது குறையேயன்றிப் பிள்ளையின் குறையன்று.

இங்கேயும் காற்றே முதல் விதி. சுவிஸ் கோடை விடுமுறை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விழுகிறது. அப்போது நீர்கொழும்பு, பெந்தோட்டை, இக்கடுவை முதலான மேற்கு, தென்மேற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும். குழந்தைகளை அங்கே இறக்கவே கூடாது. அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா ஆகியவை வைகாசி முதல் புரட்டாதி வரையில் குடும்பங்களுக்கு ஏற்றவை. பாசிக்குடாவில் கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு நீரிலேயே நடக்கலாம். காரைநகரின் கசூரினாக் கரையும் ஆழங்குறைந்தது, அமைதியானது. மார்கழி விடுமுறையில் போவோருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகும். அப்போது கிழக்கில் மழையும் அலையும் மிகுந்திருக்கும். நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணிநேரமளவு ஆகும். அங்கே காட்டுக் குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பர். எனினும் சோழகக் காற்றில் அந்தக் கடற்பாதை கடுமையாவதுண்டு. கைக்குழந்தையோடு அதைத் தவிர்ப்பதே நன்று.

கட்டுநாயக்காவில் இறங்கியவுடன் கிழக்குக்கு ஓட வேண்டாம். ஆறு ஏழு மணிநேர வீதிப்பயணம் அது. மூன்றரை மணிநேர நேரவேறுபாட்டில் களைத்த பிள்ளைக்கு இடையில் ஓர் இரவு ஓய்வு தேவை. வாடகை வாகனத்தில் சிறுவர் இருக்கை இருக்கும் என்று நம்பாமல் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட, நூற்றைம்பது சென்ரிமீற்றர் உயரத்தை எட்டாத பிள்ளையைச் சுவிற்சர்லாந்தில் இருக்கையின்றி ஏற்ற மாட்டோம். அங்கே மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போவது ஏன்?

இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாயகப் பயணம் என்றால் எமக்குப் பூப்புனித நீராட்டு விழா, கலியாணவீடு, கோயில் திருவிழா, உறவினர் வீடுகள் என்றே நாட்கள் போய்விடுகின்றன. பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் தேநீருக்கும் பலகாரத்துக்கும் இடையில் கதிரையில் அமர்ந்திருந்து, "எப்ப வீட்டை போறம்?" என்று கேட்கிறது. மூன்று வாரத்தில் ஐந்து நாட்களையாவது கடலுக்கென ஒதுக்குங்கள். அம்மம்மாவையும் மச்சான் மச்சாள்மாரையும் கூடவே கூட்டிச் செல்லுங்கள். கதிரையில் வளராத உறவு கடற்கரை மணலில் ஒரே நாளில் வளரும்.

எல்லோராலும் போக முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது. அகதி நிலை ஏற்கப்பட்டவர்கள் தாம் விட்டுவந்த நாட்டுக்குப் பயணம் செய்வதைச் சுவிஸ் சட்டம் தடுக்கிறது. மீறினால் அந்த நிலையே பறிபோகலாம். 'எஃப்' அட்டை உடையோருக்கு எந்த வெளிநாட்டுப் பயணத்துக்கும் முன் அனுமதி வேண்டும். போக அனுமதி இருந்தும் மனம் இடங்கொடாதவர்களும் உளர். 2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை அள்ளிச்சென்ற கரையும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் மக்கள் ஒடுங்கி நின்ற கரையும் அதே கிழக்குக் கடலின் கரைகள்தான். அந்தக் கடலில் எப்படி விளையாடுவது என்று கேட்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்வேன். கடலை விட்டு நாம் விலகினால் அது எமது பிள்ளைகளுக்குத் துயரத்தின் இடமாக மட்டுமே எஞ்சும். அங்கே இன்றும் வாழும் மக்களுக்கு அது தொழிலும் சோறும் விளையாட்டுமாகவே இருக்கிறது. போகிறவர்கள், தங்கும் விடுதி யாருடையது என்பதை விசாரித்துப் போகட்டும். போருக்குப் பின்னர் படையினர் நடத்திய விடுதிகளும் இருந்தன. பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்தபோது தமது கரை சுருங்கியதாக மீனவர்கள் முறையிட்டதும் உண்டு. ஊர்க்குடும்பம் நடத்தும் சிறிய விடுதியில் தங்கி, ஊர் மீனவரிடம் மீன் வாங்கினால் பணம் அந்த ஊரிலேயே நிற்கும்.

போக முடியாதோருக்கு மொரீசியஸ் தீவை எண்ணிப்பார்க்கச் சொல்வேன். பவளப்பாறை அரணால் அதன் கரையின் பெரும்பகுதி அமைதியான களப்பாக இருக்கிறது. கோடையில் நேரவேறுபாடு இரண்டு மணிநேரமே. ஆடி ஆவணி அங்கே குளிர்காலம். ஆகவே காற்று மிகுந்த கிழக்குக் கரையை விட்டு, வடக்கிலும் மேற்கிலும் தங்குதல் நன்று. இத்தீவின் நாணயத் தாள்களில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசக் காவடிக்கு அரச விடுமுறை உண்டு. ஆயினும் அங்குள்ள தமிழ் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. காவடி நிலைத்து மொழி தளர்ந்த ஒரு சமூகத்தை எமது இளையோர் நேரிற் காண்பது நூறு மேடைப் பேச்சுக்களுக்கு ஒப்பாகும். அயலிலுள்ள ரீயூனியன் பிரான்சின் பகுதியாயினும் செங்கன் வலயத்துள் அடங்காது. ஆகவே பயண ஆவணத்துடன் செல்வோர் நுழைவு விதிகளை முன்கூட்டியே அறிதல் வேண்டும். சுறாத் தாக்குதல்களின் பின்னர் 2013 இல் அங்கே களப்புக்கும் காவலுள்ள இடங்களுக்கும் வெளியே நீராடுதல் தடைசெய்யப்பட்டதையும் மனதிற் கொள்க.

எந்தத் தீவாயினும் சில விதிகள் மாறா. சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் முதல் விதி, சிறு பிள்ளை நீரருகே நிற்கும்போது கை எட்டும் தூரத்தில் பெரியவர் இருக்க வேண்டும் என்பதாகும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பத்தடி தள்ளி அமர்ந்திருப்பது காவலன்று. பயணத்துக்கு முந்திய குளிர்காலத்திலேயே கைசல்வைட் நீச்சற் குளத்தில் பிள்ளையை நீந்தப் பழக்குங்கள். "எங்கடை தோல் கறுப்புத்தானே" என்று வெயிற் களிம்பைத் தவிர்க்காதீர்கள். கறுத்த தோலும் எரியும். முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை நிழலே நல்லது. இலங்கையிலிருந்து மலேரியா ஒழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது. ஆனால் டெங்கு இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு பகலிலும் கடிக்கும். பல வாரங்களுக்கு முன்பே பிள்ளையின் மருத்துவரிடம் தடுப்பூசிகள் பற்றிக் கேட்டுவிடுங்கள். பாடசாலை விடுமுறைக்கு முந்திய நாளே மலிவான சீட்டுக்காகப் புறப்பட எண்ணுவோருக்கு ஒரு நினைவூட்டல். எமது மாநிலத்தில் ஒரு கல்வியாண்டுக்கு இரண்டு 'ஜோக்கர்' நாட்களே உண்டு. அதற்கு மேல் அனுமதியின்றி மறித்தால் தண்டப்பணம் வரலாம்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. 2004 இல் தாய்லாந்தின் புக்கெற் கரையில் ரில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன்னர் பாடசாலையில் படித்த புவியியற் பாடத்தை நினைவுகூர்ந்து, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கரையில் நின்ற ஏறத்தாழ நூறு பேர் தப்பினர். கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலத்துக்கு ஓட வேண்டும் என்ற ஒரே வரியைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்க உங்களாலும் முடியும். பெற்றோர் திட்டமிடும்போது கைகட்டி நிற்காமல், காற்றையும் கரையையும் விசாரிக்கும் பொறுப்பை நீங்களே எடுங்கள்.

அன்பான பெற்றோர்களே, எனது மகள் இப்போது கடலுக்குத் திரும்பிவிட்டாள். கசூரினாவில் தனது அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கணுக்காலளவிலும், மறுநாள் இடுப்பளவிலும் நின்றாள். எழுபது வயதைக் கடந்த அவர், "சோழகம் இந்தப் பக்கம் அடிக்காது பிள்ளை, பயப்பிடாதை" என்றார். அன்றிரவு அவள், "அப்பா, சோழகம் எண்டா என்ன?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு வாய்ப்பு எமது ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கட்டும். அடுத்த விளம்பரத் தாள் கைக்கு வரும்போது, படத்தைப் பார்க்கும் முன்னர் காற்றைக் கேட்போம்.