ரசீதில் சமம், செலவில்?

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். மாடி வீடானாலும் ஓட்டு வீடானாலும் ஒரே தொகை. ஆனால், பாட்டுக் கச்சேரியா, கரகாட்டமா என்பதை வடக்குத் தெருதான் முடிவு செய்யும். அங்கேதான் வீடுகள் அதிகம். சிறுவனாக இருந்தபோது எனக்கு அது உறுத்தவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு, சென்னைப் புறநகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தபோதுதான் உறுத்தியது. ஏ பிளாக்கில் 60 வீடுகள், பி பிளாக்கில் 40. ஒரு வருடம் மராமத்துக்கென்று வீட்டுக்கு 5,000 ரூபாய் வாங்கினோம். 5 லட்சம் சேர்ந்தது. நூறு ரசீதிலும் கையெழுத்துப் போட்டவன் நான்.

பொதுக்குழுவில் பட்டியலை வாசித்தோம். ஏ பிளாக்குக்கு வெளிப்பூச்சு 2 லட்சம், கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை 2 லட்சம், உடற்பயிற்சி அறை 1 லட்சம். பி பிளாக்காரர்கள் கேட்டது இரண்டுதான்: மழைநீர் வடிகாலுக்கு ஒன்றரை லட்சம், சக்கர நாற்காலி ஏற வாசலில் ஒரு சாய்தளத்துக்கு 50 ஆயிரம். கை தூக்கச் சொன்னார் தலைவர். ஏ பிளாக் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் 60 கை, பி பிளாக் வேலைகளுக்கு 40. அதிக ஓட்டு வாங்கியதிலிருந்து வரிசையாக ஒதுக்கினோம். மூன்றாவது வேலையோடு பணம் தீர்ந்தது. நானும் ஏ பிளாக்தான். அந்த அறுபதில் ஒரு கை என்னுடையது.

பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பி பிளாக் தரைத்தளத்து அம்மா ஒருவர் பர்ஸிலிருந்து நாலாக மடித்த ரசீதை எடுத்துப் பிரித்தார். “சார், இதுல எல்லாருக்கும் ஒரே தொகைதானே போட்டிருக்கீங்க?” ஐப்பசி மழையில் அவர் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். என்னிடம் பதில் இல்லை. கணக்கில் ஒரு பைசா பிசகவில்லை. பிசகியது விதி.

மக்களே கூடி அரசுப் பணத்தைப் பங்கிடும் ‘பங்கேற்பு பட்ஜெட்’ 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கியது. பிறகு எத்தனையோ நகரங்களுக்குப் பரவியது. பல இடங்களில் விதி எங்கள் பொதுக்குழு விதியேதான்: அதிக ஓட்டு வாங்கிய திட்டம் முதலில், பணம் தீரும்வரை. இதற்கு மாற்றாக, டொமினிக் பீட்டர்ஸ், பியோத்தர் ஸ்கோவ்ரோன் என்ற ஆய்வாளர்கள் வகுத்த ‘சமபங்கு முறை’ இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்த் தலைக்கட்டு நோட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மொத்தப் பணத்தை வாக்காளர்களுக்குச் சமமாகப் பிரித்து ஒவ்வொருவர் பெயரிலும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வேலை தேற வேண்டுமானால், அதற்கு ஓட்டுப் போட்டவர்களின் பங்கிலிருந்தே அதன் செலவு முழுவதும் வர வேண்டும். தேறியதும் அவர்கள் பங்கில் அது கழியும். பங்கு தீர்ந்தவரின் ஓட்டு அடுத்த வேலைக்குச் செல்லாது.

எங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். பி பிளாக்கின் பங்கு 2 லட்சம். வடிகாலும் சாய்தளமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஏ பிளாக்கின் பங்கு 3 லட்சம். உடற்பயிற்சி அறை வரும். பூச்சு, கூரை இரண்டில் ஒன்று வரும். இன்னொன்று அடுத்த வருடம். யாருக்கு நஷ்டம்?

உப்புச் சுரங்கத்துக்குப் பெயர்போன போலந்தின் வியலிச்கா நகரம், 2023இல் 10 லட்சம் ஸ்லோட்டியை இந்த முறையில்தான் பங்கிட்டது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரம் 50,000 பிராங்கை இப்படி ஒதுக்கியபோது 17 திட்டங்கள் தேறின. அதே ஓட்டுகளைப் பழைய விதிப்படி எண்ணியிருந்தால் 7தான் தேறியிருக்கும்.

கமிட்டித் தேர்தலிலும் இதே கோளாறுதான். எங்கள் நிர்வாகக் குழுவுக்கு 7 இடங்கள். வீட்டுக்கு 7 ஓட்டு. ஏழு பேரும் ஏ பிளாக்கிலிருந்தே வந்தார்கள். இதற்கு மருந்து நம் சட்டமன்றத்திலேயே இருக்கிறது. மாநிலங்களவைக்கு 6 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஒருவர் வெல்ல 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது விகிதாச்சார முறை. 234ஐ, இடங்களைவிட ஒன்று கூடுதலான ஏழால் வகுத்து, பின்னத்தை விட்டு ஒன்றைக் கூட்டினால் 34. அதனால்தான் 2022இலும் 2025இலும் ஆளும் அணிக்கு 4, எதிரணிக்கு 2 என்று இடங்கள் பிரிந்தன. எங்கள் குழுவுக்கும் வீட்டுக்கு ஒரே ஓட்டு என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், ஒருவர் வெல்ல 13 ஓட்டு. ஏ பிளாக்குக்கு 4, பி பிளாக்குக்கு 3. எம்.எல்.ஏ.க்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் நியாயம் நம் சங்கங்களுக்கு ஏன் ஆகாது?

குறைகள் உண்டு. லிஃப்ட் பராமரிப்பு, தீயணைப்புச் சாதனம் போன்றவற்றை ஓட்டுக்கே விடக்கூடாது. முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். எல்லா இடத்திலும் என் உதாரணம்போலப் பங்குகள் கச்சிதமாக அமையாது. கொஞ்சம் பணம் மிஞ்சும். பங்கைச் சிறுகச் சிறுகக் கூட்டி மறுபடி கணக்கிட வேண்டிவரும். கைக்கணக்குக்குச் சிரமம்தான், கணினிக்கு நொடி வேலை. குடியிருப்புச் சங்கங்களில் பழகிவிட்டால், பகுதி சபைகளிலும் கிராம சபைகளிலும் ஒரு சிறு தொகையை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். பெரிய தெருவுக்கு மூன்றாவது முறை சிமென்ட் போடும்போது, கடைக்கோடித் தெருவுக்கு முதல் விளக்கு வந்துவிடும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன்: மராமத்து நிதியைச் சமபங்கு முறையில் செலவிட வேண்டும். பெரும்பான்மையின் விதியை மாற்றவும் பெரும்பான்மை வேண்டுமே. பி பிளாக்கின் நாற்பதும் என்னுடையதும் சேர்த்து 41. இன்னும் பத்துக் கை வேண்டும். மாலை நடைக்குப் பிறகு ஏ பிளாக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், கையில் ரசீதுப் புத்தகத்தோடு.